சும்மா கெடக்குற மனை

வா மாப்ளே. அந்தக் கயித்துக் கட்டில்ல உக்காராதே, உன் எடைக்குத் தாங்காது. மெட்ராசுத் தண்ணி உடம்புல நல்லாத்தான் ஒட்டியிருக்கு. இப்படித் திண்ணைக்கு வா. உங்க அத்தை காப்பி போடுறா. அவ வர்றதுக்குள்ள கேக்க வந்ததைக் கேட்டுரு. அவ வந்துட்டா பேச்சு அவ கைக்குப் போயிரும்.

என்ன, செல்போனை நீட்டுறே? வீட்டுப் பிளானா? இரு, கண்ணாடியை மாட்டிக்கிறேன். அடேயப்பா! இது வீடா, கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டா? முன்னால நாலு தூணு. மாடிப்படிக்குச் சில்வர் கம்பி. மூணு படுக்கை ரூமு, மூணுக்கும் ஒட்டுன கக்கூஸ். எங்க அப்பன் காலத்துல ஊருக்கே ஒரு ஓடைதான். நீ ஆளுக்கு ஒண்ணு கட்டுறே, நல்ல முன்னேத்தம். இந்தச் சின்னக் கட்டம் என்ன? பூசை ரூமா? மத்த ரூமுக்கெல்லாம் ஏசி போட்டுட்டு சாமியை மட்டும் வேர்க்க விட்டுட்டியே மாப்ளே.

எம்புட்டு ஆகும்ங்கிறாரு இஞ்சினியரு? 30 லட்சமா. சரி. அதுக்கு மேல ஒரு வார்த்தை சொன்னே பாரு, "மனை சும்மாதானே கெடக்கு மாமா, அந்தச் செலவு மிச்சம்"னு. அங்கதான் எனக்குக் காது கூசுச்சு. சும்மா கெடக்குன்னு உனக்கு யாரு சொன்னா? சரி சரி, அதைப் பொறவு பேசுவோம்.

நம்ம பேத்தி காலேஜுல பொருளாதாரம் சொல்லிக் கொடுக்குறாள்ல, தீபாவளிக்கு வந்தவ இதே திண்ணையில உக்காந்து ஒரு பாடம் நடத்துனா. 'வாய்ப்புச் செலவு'ன்னு ஒண்ணு இருக்காம். எனக்குக் காது மந்தம், 'வாய்ச் செலவு'ன்னு விழுந்துச்சு. "அது நம்ம குடும்பத்துல தாராளமாவே உண்டும்மா"ன்னேன். தலையில அடிச்சுக்கிட்டா. பொறவு நிதானமாச் சொன்னா: ஒண்ணை எடுக்கும்போது இன்னொண்ணை விடுறோம். விட்டதுல எது ஒசத்தியோ, அதோட மதிப்பையும் எடுத்ததோட வெலையிலதான் எழுதணுமாம். வீசர்னு ஒரு ஆஸ்திரியாக்காரரு நூறு வருசத்துக்கு முந்தியே இதுக்குப் பேரு வச்சுட்டாராம். கடைக்காரன் ரசீதுல அது வராது. ரசீதுல வராததைக் கணக்குல சேக்க நமக்குக் கைவராது. அம்புட்டுத்தான் பாடம்.

இதுல புதுசா என்ன இருக்கு? கரிசக்காட்டுக்காரனுக்குத் தெரியாததா? வானம் ஒரு மழையைக் கொடுக்கும். நனைஞ்ச ஈரம் காயறதுக்குள்ள வெதைச்சாகணும். உளுந்து விழுந்த எடத்துல அந்த வருசம் மக்காச்சோளம் கெடையாது. 2018-ல நம்ம பக்கம் பாதிக் காடு மக்காச்சோளமாத்தான் நின்னுச்சு. படைப்புழுன்னு ஒண்ணு எங்கிருந்தோ வந்து குருத்துக்குள்ள பூந்து தின்னுட்டுப் போச்சு. உளுந்து போட்ட நான் மீசையை முறுக்கிக்கிட்டு டீக்கடையில போய் உக்காந்தேன். "மாமாவுக்கு என்னா அறிவு"ன்னாக. அறிவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மக்காச்சோள வெதை வாங்கக் கையில காசு இல்ல. ஆனா அதை நான் யார்கிட்டயும் சொல்லலை. நீயும் சொல்லிராதே.

உழுதவன் கணக்குப் பாத்தா உழக்கும் மிஞ்சாதும்பாக. எல்லாரும் அதைச் சொல்லிச் சிரிச்சுட்டுப் போயிருவாக. நான் ஒரு தடவை நெசமாவே பாத்தேன். போன வருசம் 3 ஏக்கர் உளுந்து, 9 குவிண்டால் கண்டுச்சு. கமிசன் கடையில 7,000 மேனிக்குப் போட்டு 63,000. உழவு, வெதை, களை, மருந்து, அறுப்பு எல்லாம் சேந்து 45,000. கையில நின்னது 18,000. "பாத்தியா, உளுந்து ஏமாத்தலை"ன்னு உங்க அத்தைகிட்ட மார் தட்டுனேன். அவ சட்டியைக் கழுவிக்கிட்டே கேட்டா: "கீழ வீட்டுக்காரரு ஏக்கருக்கு 5,000 குத்தகை தர்றேன்னாரே. கொடுத்திருந்தா 15,000 திண்ணைக்கே வந்திருக்கும். அப்ப நாலு மாசம் நீங்களும் நானும் வெயில்ல நின்னது 3,000 ரூபாய்க்கா?" மாப்ளே, நாலு மாச வெயிலும் அந்த ஒரு கேள்விக்கு ஈடாகாது.

அப்படியிருந்தும் இந்த வருசமும் உளுந்துதான் போட்டிருக்கேன். ஏன்ங்கிறே? விடிஞ்சா எந்திரிச்சுப் போக ஒரு எடம் வேணும்ல. காட்டைக் குத்தகைக்கு விட்டுட்டா நாள் பூரா இந்தத் திண்ணையில உக்காந்து உங்க அத்தை ஏச்சைக் கேக்கணும். அதுல இருந்து தப்பிக்க எனக்கு வருசத்துக்கு நாலு மாச வெயில் ஆகுது. தெரிஞ்சே கொடுக்குறேன். மலிவுதான்.

இப்ப உன் கணக்கைப் பாப்போம். வீடு கட்டுனா வருசத்துல எத்தனை நாள் இங்கன வந்து இருப்பே? கோயில்ல கற்பூரம் அடிச்ச மாதிரி நெசத்தைச் சொல்லு. பொங்கலுக்கு நாலு நாள். கொடைக்கு மூணு நாள். பிள்ளைகளுக்குப் பரீட்சை லீவுல அஞ்சு நாள், அதுவும் உன் பொண்டாட்டி அவ அம்மா வீட்டுக்குப் போகாம இருந்தா. ஆக 12 நாள். மெட்ராசுல பிளாட்டு வாங்குனியே, அந்தக் கடன் எம்புட்டு பாக்கி? 42 லட்சமா? வட்டி? எட்டரை. அட, அந்தச் செல்போன்ல கணக்குப் போடுற மிசினு இருக்குல்ல, தட்டு. 30 லட்சத்தை அந்தக் கடன்ல கட்டுனா இப்போதைக்கு வருசத்துக்கு வட்டி எம்புட்டு மிச்சம்? 2,55,000. அதை 12-ஆல வகு. 21,250.

ஏன் மூஞ்சி இப்படிப் போகுது? ஒரு நாள் ராத்திரி நீ சொந்த ஊருல படுத்து எந்திரிக்க 21,250 ரூபா மாப்ளே. இந்தக் காசுக்குக் குத்தாலத்துல சீசன்ல ரூம் எடுத்து, காருல போயி, அருவியில குளிச்சு, எண்ணெய் தேய்க்க ஒரு ஆளும் வச்சுக்கலாம். மீதிக்குக் கோவில்பட்டியில கடலை மிட்டாய் வாங்கித் தெருவுக்கே கொடுக்கலாம். கொடுத்தா, நாலு தூணு பெத்துக் கொடுக்காத பேரை அது பெத்துக் கொடுக்கும்.

"பேங்குல போட்டா ஏழு வட்டிதானே மாமா"ன்னு வாயெடுக்காதே. அங்கதான் படிச்சவுக வழுக்குறாக. விட்டதுல ஒசத்தியானதைத்தான் எடுத்துப் பாக்கணும். எட்டரை வட்டிக்குக் கடன் வச்சிருக்கிறவனுக்குக் கடனை அடைக்கிறதைவிட ஒசத்தியான டெபாசிட்டு எங்க இருக்கு? ரெண்டாவதா நிக்கிற குதிரையைப் பாத்துத்தான் மொதல் குதிரையை எடை போடணும். நீ அஞ்சாவதா நொண்டுற குதிரையைக் காட்டி, நம்ம குதிரை எப்படி ஓடுது பாருங்கன்னா?

கட்டுன வீடு சொத்துத்தானேங்கிறியா? சொத்துத்தான். விக்கப் போனா வாங்க ஒரு ஆள் வேணும். மேலத்தெருவுல சிங்கப்பூர்க்காரரு வீடு பாத்தேல்ல. மூணு வருசமாப் பூட்டு. மாடியில பக்கத்து வீட்டுக்காரி மிளகா காயப் போடுறா. கார் நிறுத்துற எடத்துல நாய் குட்டி போட்டிருக்கு. ஏழு குட்டி. அந்த வீட்டைக் கட்டுனதால சந்தோசமா இருக்கிற உயிர் இந்த ஊருல அந்த எட்டுத்தான்.

"நாலு கொத்தனாருக்காவது வேலை கிடைக்கும்ல"ங்கிறே. உனக்குத் தருமம் பண்ற புத்தி எப்ப வந்துச்சு? பேத்தி இதுக்கும் ஒரு கதை வச்சிருந்தா. பாஸ்தியான்னு ஒரு பிரெஞ்சுக்காரரு 1850-ல எழுதுனதாம். ஒரு கடைக்காரரோட பையன் சன்னல் கண்ணாடியை உடைச்சுப்புட்டான். கூடி நின்ன ஆளுக எல்லாம், "விடுங்கப்பா, கண்ணாடி உடையலேன்னா கண்ணாடிக்காரன் எப்படிப் பொழைப்பான்"னு ஆறுதல் சொல்றாக. கண்ணாடிக்காரனுக்கு ஆறு பிராங்கு கிடைச்சது கண்ணுக்குத் தெரியுது. அந்த ஆறு பிராங்குல கடைக்காரரு ஒரு செருப்பு வாங்கியிருப்பாரே, அந்தச் செருப்புத் தைக்கிறவனை யாரு பாத்தா? அவன் கூட்டத்துலயே இல்ல. நம்ம ஊருலயும் அதேதான். உன் வீட்டுக்குச் சாந்து குழைக்கிற கொத்தனாரைப் போட்டோ எடுத்துப் போடலாம். அந்தக் காசை வேற எதுல போட்டிருந்தா யாரு பொழைச்சிருப்பாகளோ அவுகளைப் போட்டோ எடுக்க முடியாது.

பாரு, வந்துட்டா உங்க அத்தை. ஏ புள்ள, மருமகனுக்குச் சீனி தூக்கலாப் போட்டியா? பாவம், கணக்குல ரொம்பக் கசந்துபோயி இருக்காப்ல.

என்ன, இன்னும் "மனை சும்மா கெடக்கு"தானா? விட மாட்டேங்கிறியே. சரி, சும்மாங்கிறதுக்குப் பேத்தி சொன்ன ஒரு கதை கேளு. 2005-ல அமெரிக்காவுல பொருளாதாரம் படிச்ச பெரிய பெரிய ஆளுக எல்லாம் கூடுன மாநாட்டுல, ஃபெராரோன்னு ஒருத்தரு, டெய்லர்னு ஒரு அம்மா, ரெண்டு பேராசிரியருக ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தாகளாம். கேள்வி இதான். கிளாப்டன்னு ஒரு கித்தார்க்காரரோட கச்சேரிக்கு உனக்குச் சும்மா ஒரு டிக்கெட்டு கிடைச்சிருக்கு. அதை விக்க முடியாது. அதே ராத்திரி டிலன்னு ஒரு பாட்டுக்காரரு, பின்னாடி 2016-ல இலக்கியத்துக்கு நோபல் பரிசு வாங்குனவரு, அவரும் பாடுறாரு. அவரு டிக்கெட்டு 40 டாலர். அவரு பாட்டைக் கேக்க நீ 50 டாலர் வரைக்கும் கொடுக்கத் தயார். இப்ப கிளாப்டன் கச்சேரிக்குப் போனா உனக்கு என்ன வாய்ப்புச் செலவு? சைபரா, பத்தா, நாப்பதா, அம்பதா?

நீ சொல்லு. சைபரா? அதானே பாத்தேன். மனை சும்மான்னு சொன்னவன் வேற என்ன சொல்லுவான்? நான் அம்பதுன்னேன். ரெண்டு பேரும் பெயிலு. 50 பெறுமான பாட்டை 40-க்குக் கேட்டிருந்தா 10 டாலர் சந்தோசம் கையில நின்னுருக்கும். கிளாப்டன்கிட்ட போனதால விட்டது அந்தப் பத்துத்தான். டிக்கெட்டு சும்மாதான், ஆனா போறது சும்மா இல்ல. இதுல வேடிக்கை என்னன்னா, அந்த மாநாட்டுல ஏறக்குறைய 200 பேருகிட்ட கேட்டதுல நூத்துக்கு 22 பேரு கூடச் சரியாச் சொல்லலையாம். நாலு கட்டம் வரைஞ்சு நம்ம ஆட்டுக்குட்டியை விட்டு மிதிக்கச் சொன்னாக்கூட நூத்துக்கு 25 தடவை சரியா மிதிச்சிருக்கும். இதைக் கேட்டதுல இருந்து ஆட்டுக்குட்டிக மேல எனக்கு ஒரு தனி மரியாதை.

உங்க அத்தையைப் பாரு. 2021 மே மாசத்துல இருந்து பொம்பளைகளுக்கு டவுன் பஸ்ல டிக்கெட்டுக்குக் காசு கெடையாது. மினி பஸ்ல போனா காசு கொடுக்கணும். டவுன் பஸ்சுக்கு ஒரு மணி நேரம் நிக்கணும். "சும்மா போற பஸ்சை விட்டுட்டு எவளாவது காசு கொடுத்துப் போவாளா"ன்னு நான் நெனைச்சேன். இவ போவா. மிளகா பறிப்பு நாள்ல வெள்ளனே ஓடி மினி பஸ்ல ஏறிருவா. நேரத்துக்குக் காட்டுல நிக்கலேன்னா 300 ரூபா கூலியில பாதி போயிரும். பறிப்பு இல்லாத நாள்ல டவுன் பஸ்தான். பஸ் ஸ்டாப்புல நாலு பேருகூட உக்காந்து ஊர் நியாயமெல்லாம் பேசி முடிச்சுட்டு அலுங்காம ஏறுவா. ஒரே பஸ்சு, ஒரே ஒரு மணி நேரம். ஒரு நாள் அது 150 ரூபா, ஒரு நாள் அது உபரி சந்தோசம். மாநாட்டுக்கு இவளை அனுப்பியிருந்தா மானம் தப்பியிருக்கும்.

சிரிக்கிறா பாரு. இப்ப என்ன சொல்லப் போறான்னு எனக்குத் தெரியும். காளைக் கதை.

சொல்லு புள்ள, சொல்லு. மருமகனும் கேக்கட்டும்.

2000-ல இவ கழுத்துல கெடந்த மூணு பவுன் சங்கிலியை வித்து ஒரு சோடிக் காளை வாங்குனேன் மாப்ளே. அப்ப பவுன் 3,500 ரூபாக்கிட்ட. ஊருல டிராக்டர் வந்தாச்சு. ஆனாலும் நம்ம வாசல்ல ரெண்டு காளை நிக்கணும், சலங்கை சத்தம் தெருமுனையில கேக்கணும்னு ஒரு கிறுக்கு. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. ஒன்பது வருசம் நின்னுச்சு. பருத்திக்கொட்டை அரைச்சு ஊத்துனேன். நான் கஞ்சி குடிச்சேன், அதுக தவிட்டுத்தண்ணி குடிச்சுச்சு. எங்க மூணு பேருல அதுகதான் தெளிவா இருந்துச்சு. 2025-ல பவுன் 70,000-த்தைத் தாண்டுன அன்னைக்கு டிவியில சொல்லுறான், நான் சோத்துல கை வச்சிருக்கேன். இவ ஒண்ணும் பேசலை. ஒரு பார்வை. ரசத்தை நானே எந்திரிச்சுப் போய் ஊத்திக்கிட்டேன்.

ஆனா இதுல இவளும் ஒரு தப்புப் பண்றா. "அந்தச் சங்கிலி இருந்திருந்தா அன்னைக்கே ரெண்டு லட்சம், கிசான் விகாஸ் பத்திரத்துல போட்டிருந்தா ரெட்டிச்சு ரெட்டிச்சு வந்திருக்கும், பைபாஸ் ஓரமா ரெண்டு செண்டு மனை வாங்கியிருந்தா இன்னைக்கு லாரி செட்டுக்காரன் காலைப் பிடிப்பான்"னு மூணையும் கூட்டி எம் மேல பத்து எழுதுறா. ஏ புள்ள, ஒரு சங்கிலியை எத்தனை தடவைதான் விப்பே? ஒண்ணைத்தானே பண்ணியிருக்க முடியும்? அதுல ஒசத்தியானது எதுவோ அதை மட்டும் எழுது. அதுவும் 2000-ல நமக்குத் தெரிஞ்சதை வச்சு எழுது. பைபாஸ் வரும்னு அன்னைக்கு உனக்குக் குறி சொன்னது யாரு?

பாத்தியா, உள்ள போயிட்டா. அவ சொன்னது சரின்னு எனக்குத் தெரியும். சங்கிலி ஒண்ணே போதும், நான் தோத்ததுக்கு. ஆனா மூணு தடவை தோக்க நான் தயாரா இல்ல.

என்ன முனகுறே? பிளானுக்கு 50,000 கொடுத்துட்டியா? இதைச் சொல்லத்தான் இம்புட்டு நேரம் காப்பி டம்ளரை உருட்டிக்கிட்டு இருந்தியா. மாப்ளே, வடக்குத் தெருவுல ஒரு ஆளு போர் போட்டாரு. 400 அடியில புகைதான் வந்துச்சு. "இம்புட்டுப் போட்டாச்சு, விட்டா மோசம்"னு 600-க்குப் போனாரு. புகை. ஆழம் போகப் போக அடிக்கு ரேட்டும் ஏறும், தெரியும்ல. 900-ல நிப்பாட்டும்போது தண்ணிக்குப் பதிலா அவரு கண்ணுலதான் வந்துச்சு. மொத 400 அடிக்குக் கொடுத்த காசு, மேல தோண்டினாலும் வராது, நிறுத்தினாலும் வராது. உன் 50,000-மும் அப்படித்தான். வீடு கட்டுனாலும் திரும்பாது, கட்டலேன்னாலும் திரும்பாது. அது எதையும் தீர்மானிக்கக்கூடாது. பிளானைச் சட்டம் போட்டு மெட்ராசு வீட்டுல மாட்டு. நல்லாத்தான் வரைஞ்சிருக்கான்.

கட்டாதேன்னு நான் சொல்லலை. மேலத்தெரு சிங்கப்பூர்க்காரரு நாலு தூணு வச்சாரு, நீயும் நாலு தூணு வைக்கணும், அதானே? மீசைக்குன்னு சொல்லிக் கட்டு. மீசைக்கு நான் சங்கிலியை வித்தவன், உன்னைக் கேலி பண்ண எனக்கு யோக்கியதை இல்ல. கூழுக்குன்னு மட்டும் சொல்லாதே. "அம்மாவுக்காகக் கட்டுறேன்"னு ஊருக்குள்ள சொல்லிக்கிட்டுத் திரியுறியாமே? நேத்து அக்காகிட்ட போன்ல கேட்டேன். "மூணு ரூமை எவன் கூட்டிப் பெருக்குறது? எனக்கு முட்டி மடங்கலை, உக்காந்து போற மாதிரி ஒரு கக்கூஸ் இருந்தா மாசத்துக்கு ஒருக்கா வந்துட்டுப் போவேன்"னா. அக்கா கேட்டது ஒரு பீங்கான். நீ கொண்டாந்தது நாலு தூணு.

முப்பது லட்சமா, இல்ல ஒண்ணுமே வேண்டாமான்னு ரெண்டே வழிதானா உலகத்துல? உங்க அப்பா இருந்த ஓட்டு வீடு நிக்குதுல்ல. சுவரு கல்லுச் சுவரு, கெட்டியா இருக்கு. ஒழுகுற பக்கம் ஓட்டை மாத்தி, ரீப்பர் அடிச்சு, தரையைப் பூசி, கக்கூசைப் பின்னால ஒட்டுனாப்ல கட்டி, மேல ஒரு டேங்கு. 4 லட்சத்துக்குள்ள முடியும், நான் பக்கத்துல நின்னு வேலை வாங்குறேன். மீதி 26 லட்சத்தைக் கடன்ல கட்டு. அப்புறமும் தூணு வேணும்னு தோணுனா அந்த ஓட்டு வீட்டுக்கு முன்னாலயே ரெண்டு வை. நல்ல நாளும் பொழுதுமா சாஞ்சு உக்காரலாம்.

என்ன தலையை ஆட்டுறே? சம்மதமா? பொறு, அதுக்குள்ள சம்மதிச்சிராதே. ஒண்ணு பாக்கி இருக்கு.

அந்த மனை சும்மா கெடக்குன்னு நீ சொன்னப்ப எனக்குக் காது ஏன் கூசுச்சுன்னு கேக்கலையே. அது சும்மா கெடக்கலை மாப்ளே. உங்க அப்பா காலமான வருசத்துல இருந்து என் படப்பு அங்கதான் நிக்குது. தட்டைப் படப்பு ரெண்டு. ராத்திரியில ஆடு பதினொண்ணு அடையுது. தெக்கு மூலையில எருக்குழி. வேலியோரம் உங்க அத்தை போட்ட பீர்க்கம் பந்தல், போன தடவை நீ மெட்ராசுக்குப் பை நெறையக் கொண்டு போனியே, அந்தக் காய்தான். நான் ஒரு பைசா வாடகை கொடுத்ததில்ல. நீயும் கேட்டதில்ல. செண்டு ஒரு லட்சம்னு வச்சாலும் அஞ்சு செண்டுக்கு 5 லட்சம். அதை வித்துக் கடன்ல போட்டா எட்டரை வட்டிக்கு வருசம் 42,500. அதை நீ எனக்குக் கொடுத்துக்கிட்டு இருக்கே, உனக்கே தெரியாம. தாய்மாமனுக்குச் சீர் செய்யிற முத மருமகன் இந்த வட்டாரத்துலயே நீதான்.

அதனால நான் சொன்ன கணக்கை வேற யார்கிட்டயாவது ஒரு தடவை காட்டிப் பாத்துக்க. கணக்குல தப்பு இல்ல, பேத்திகிட்ட வேணும்னாலும் கேளு. ஆனா சொன்ன ஆளுக்கு அந்த எடத்துல பதினொரு ஆடு இருக்கு.

எது எப்படியோ, தை முடியுறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லிரு மாப்ளே. மாசியில புதுத் தட்டை வருது. படப்பை வச்சுட்டா பொறவு பிரிச்சு மாத்த ஆள் கூலி 2,000 ஆகும், அது உன் கணக்கு.